நீராலையின் அடிக்கட்டைக்குக் கீழே

இங்கிலாந்து,
18-6-1978

என் அருமைச் செண்பகத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் என் இரண்டு கம்பளிச் சட்டைகளும் நலம். ஜூன் மாதத்தில் கம்பளியா என்று சிரிக்காதே. இங்கே வெயில் ஒரு விருந்தாளி. வந்த அன்றைக்கே கிளம்பிவிடும். நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துகொண்டு சங்கரன்கோவில் ஊருக்கே "நம்பர் ப்ளீஸ்" சொல்லிக்கொண்டிருக்கிறாய். எனக்கு ஒரு கடிதம் போட மட்டும் உனக்கு நேரம் ஒழியவில்லை. ஈஸ்டருக்கு வந்ததுதான் கடைசி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் என்ற நினைப்பாவது இருக்கிறதா?

என் சேதி இதுதான். ஆஸ்பத்திரியில் இன்னும் பிரசவ வார்டிலேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இங்கேயும் நம்மூர் மாதிரித்தான் அலறிக்கொண்டு பிறக்கின்றன, நிறம்தான் வேறு. ஓய்வு நாளில் அறைக்குள் கிடந்தால் ஊர் ஞாபகமாகவே இருக்கிறது என்று நான் இருக்கும் வீட்டின் அம்மாளிடம் சொன்னேன். அவள் தன் தம்பியிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். ஹார்ட்லி என்று பெயர், நரைத்த தாடி. பழைய காலத்து இடங்களைத் தோண்டி ஆராய்கிறவர். கையில் ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொடுத்து, "இந்த ஓடுகளைக் கழுவு" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமையும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் சேற்றில்தான் கிடக்கிறேன். நர்ஸ் படிப்பு படித்துவிட்டு சீமையில் போய்ச் சட்டி கழுவுகிறாள் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதே.

ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் துறவிகள் இருந்த மடம் ஒன்று இடிந்து கிடக்கிறது. எழுநூறு வருஷத்துக்கு முந்தியது. நம்மூர்ப் பக்கத்து ஆதீனம் போல நிலம், நீர், ஆள், மாடு எல்லாம் வைத்திருந்திருக்கிறார்கள். அந்த மடத்தின் நீராலையைத்தான் தோண்டுகிறோம். ஓடையை மறித்து வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, தண்ணீரை மரச் சக்கரத்தின் மேல் விழவிட்டிருக்கிறார்கள். சக்கரம் சுற்றினால் திருகைக்கல் சுற்றும், கோதுமை மாவாகும். கரண்டும் இல்லை, மாடும் இல்லை. எல்லாம் தண்ணீர் செய்த வேலை. சேற்றுக்குள்ளேயே இருந்ததால் மரம் அழுகவே இல்லை. நேற்று ஒரு பலகையைக் கழுவினேன், தச்சன் உளி வைத்த தடம் அப்படியே இருந்தது!

சுற்றியுள்ள குடியானவர்கள் எல்லாரும் மடத்து ஆலையில்தான் அரைக்க வேண்டுமாம், மாவில் ஒரு பங்கு மடத்துக்காம். வீட்டில் கைத்திருகை வைத்திருந்தால் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். எங்கள் அம்மா அங்கே பிறந்திருந்தால் துறவிகளை மத்தாலேயே அடித்திருப்பாள்.

உடனே பதில் போடு. உன் வீட்டுக்காரர் குருசாமி அண்ணனுக்கு என் வணக்கம்.

உன்
ஞானபூரணம்


சங்கரன்கோவில்,
3-7-1978

சீமையில் சட்டி கழுவும் என் ஞானத்துக்கு,

உன் கடிதம் வந்தது. முதலில் நான் வாசித்தேன், சாயந்தரம் குழாயடியில் எல்லாருக்கும் வாசித்தேன். தெருவில் குழாய் வந்தாலும் வந்தது, அது சொட்டுச் சொட்டாகத்தான் விடுகிறது. ஒரு குடம் நிறைவதற்குள் உன் கடிதத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். தபால்காரர் உன் கவரை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் நுழையும்போதே, "செம்பகம், காயிதம் வந்திட்டா? தண்ணி வரும்போது கொண்டாட்டி" என்று எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் சொல்லிவிடுகிறாள். சினிமா மாறினால் கூட இந்தக் கூட்டம் கூடாது. உன் துறவிகள் திருகையைப் பிடுங்கின கதையைக் கேட்டு, "வெளங்குவானுவளா?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறைதான்.

இங்கே பெரிய சேதி ஒன்று. உன் அண்ணனுக்குப் பாலம் கிடைத்திருக்கிறது! பனவடலிசத்திரம் போகும் வழியில் ஓடையைக் கடக்கச் சின்னப் பாலம். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாமல் நிற்பது உனக்குத் தெரியும். இதுவரை சுற்றுச்சுவரும் தண்ணீர்த் தொட்டியும் கட்டிக்கொண்டிருந்த ஆள். இந்த ஒரு பாலம் நன்றாக நின்றுவிட்டால் இனிமேல் பெரிய காண்ட்ராக்டர் என்று நடையே மாறிப்போயிருக்கிறது. தூக்கத்தில் கூட "கம்பி, கம்பி" என்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் எங்கள் கதை அதோடு சரி.

கொத்தனார் காளிராஜ்தான். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவன். பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அவன் பெண்சாதி பேச்சித்தாய் சித்தாள் வேலைக்கு வருகிறாள், நாலு மாதக் கைப்பிள்ளையோடு. ஓடைக்குள் நிழல் ஏது? பாலத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கும் சவுக்குக் கம்பில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு நான் தொட்டில் ஆட்டலாமா என்று பார்க்கிறேன். அப்படி ஒரு குளிர்ச்சி அங்கே. காளிராஜ் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மதினி, ஒருநாள் ஒங்க போன்ல என்னையப் பேசவிடுங்க, என் சத்தம் எப்படிக் கேக்குன்னு பாக்கணும்" என்பான். உனக்குப் போனே வேண்டாம், இங்கிருந்து கூப்பிட்டாலே திருநெல்வேலியில் கேட்கும் என்பேன்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறப் போகிறது. இந்த வருஷம் நீ இல்லாமல் எனக்குக் கடைத்தெருவில் சண்டை போடத் துணை இல்லை. பதில் போடு, நீளமாகப் போடு. குடம் பெரிது.

உன்
செண்பகம்


இங்கிலாந்து,
16-7-1978

செண்பகம்,

நேற்று நடந்ததைக் கேள்.

மதகு இருந்த இடத்தில் பெரிய ஓக் மரக் கட்டை ஒன்று குறுக்கே கிடந்தது. அதுதான் நீராலையின் அடிக்கட்டை. மதகு, சக்கரம், சுவர் எல்லாம் அதன் மேல்தான் நின்றிருந்தன. நேற்று ஆறு பேர் சேர்ந்து அதைத் தூக்கினோம். கீழே சேறு. சேற்றில் சின்னச் சின்ன எலும்புகள். விலா எலும்பு தீக்குச்சி கனம்கூட இல்லை. தொடை எலும்பு என் விரல் நீளம். கட்டை வைத்த பிறகு அங்கே எதுவும் நுழைய முடியாது, கட்டையை வைக்கும்போதே வைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இறங்கி அந்தத் தொடை எலும்பைக் கையில் எடுத்தேன். செண்பகம், பிறந்த குழந்தையின் கால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் கையில் ஏந்துகிறேன். செத்துப் பிறந்ததையும் ஏந்தியிருக்கிறேன். இது பச்சைப்பிள்ளை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். கூட இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜெபம் பண்ணுகிற துறவிகள், செண்பகம்! ஆலை நிற்க வேண்டும் என்று பச்சைப்பிள்ளையைக் கட்டைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

தலை கிடைக்கவில்லை, தலை இல்லாமல் உறுதியாக எதுவும் சொல்லக்கூடாது, எலும்பு பார்க்கும் நிபுணர் ஒருத்தி லீவில் போயிருக்கிறாள், அவள் வந்து சொல்லட்டும் என்று ஹார்ட்லி துரை சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். அவர் எத்தனை பிரசவம் பார்த்தார்?

நம்மூரில் பாலம் கட்டினால் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்க வருவான் என்று சின்ன வயதில் நம்மைப் பயமுறுத்துவார்களே, அதை நாம் நம்பவில்லை. இங்கே வந்து என் கையாலேயே எடுத்தேன்.

உன்
ஞானம்


சங்கரன்கோவில்,
29-7-1978

அடி பாவி ஞானம்,

நல்ல கடிதம் போட்டாய். புதன்கிழமை வந்தது. எக்ஸ்சேஞ்சில் வைத்து வாசித்து நான் வேர்த்துப்போனேன். பக்கத்து போர்டில் இருக்கும் ஜுலைகா பீவி என்னைப் பார்த்துப் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயந்தரம் குழாயடியில் வாசித்தேன். முப்பிடாதியம்மாள் குடம் நிறைந்து வழிந்து தெருவெல்லாம் ஓடுகிறது, அவள் பார்க்கவே இல்லை. "தலை கிடைக்கவில்லை" என்று வாசித்ததும், "அய்யோ, தலைய அறுத்துட்டானுவளா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு, உறுதியாகச் சொல்லக்கூடாது, நிபுணர் வரட்டும் என்று உன் துரை சொன்னதை நான் வாசிக்கவில்லை. அவ்வளவு சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது அதை வாசித்தால் சப்பென்று ஆகிவிடும். உன் பேச்சுக்கு மேல் அவர் பேச்சு என்ன?

கூத்தைக் கேள். இன்று காலையில் ஜுலைகா என்னிடம் குசுகுசுவென்று, "செம்பகம், பாலத்துக்கு அடியில பிள்ளைய வச்சிக் கட்டுதாங்களாமே? தலையில்லாத பிள்ளையாமே? ஒங்க வீட்டுக்காரர் பாலத்திலயா?" என்று கேட்கிறாள். மூன்று நாளில் எழுநூறு வருஷத்தையும் இங்கிலாந்தையும் விழுங்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. "ஏட்டி, சிலாப் போடப்போற நேரத்தில என்ன பேச்சு பேசிட்டுத் திரியுதே? அந்தக் காயிதத்தை எதுக்கு ஊருக்கெல்லாம் வாசிக்கே?" என்று எரிந்து விழுந்தார். இவருக்குப் பாலத்தைப் பற்றிப் பேசினாலே பாலம் விழுந்துவிடும் என்று பயம்.

ஆகஸ்டு நடுவில் சிலாப், அதாவது பாலத்தின் மேல்தளம், போடுகிறார்கள். சிலாப் போட்ட பிறகு முட்டுகளைப் பல நாள் தொடக்கூடாதாம். பச்சைச் சிமெண்டு இறுகும்வரை முட்டுதான் அதைத் தாங்குமாம். இதெல்லாம் இப்போது எனக்கும் மனப்பாடம். நிபுணர் வந்து என்ன சொன்னாள் என்று எழுது. தெருவே காத்திருக்கிறது.

உன்
செண்பகம்


இங்கிலாந்து,
10-8-1978

அன்புச் செண்பகம்,

உன் கடிதத்தை வாசித்து வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். குருசாமி அண்ணனிடம் சொல், அவர் பாலத்தில் நான் ஒரு எலும்பும் தேட வரமாட்டேன்.

நான் பத்திரிகையில் வந்துவிட்டேன்! இந்த ஊர்ப் பத்திரிகைதான், ஆனாலும் பத்திரிகை. இந்திய நர்ஸ் கண்டுபிடித்த குழந்தை என்று போட்டு, சேற்றுக் கையோடு என் படம். இந்தக் கவருக்குள் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், அப்பா கடையில் ஒட்டிவைக்கட்டும். படத்தைக் குழாயடியில் காட்டு. இந்த முகத்தைப் பார்த்தாவது முப்பிடாதியம்மாள் குழாயை மூடட்டும்.

துரை மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிகிறார். பத்திரிகைக்காரனிடம் நான் பேசியிருக்கக் கூடாதாம். எலும்பு நிபுணர் மாதக் கடைசியில்தான் வருகிறாளாம். வரட்டும்.

சிலாப் போடும் அன்றைக்கு எனக்காகவும் ஒரு பூசணிக்காய் உடைக்கச் சொல்.

உன்
பத்திரிகைப் புகழ் ஞானம்


சங்கரன்கோவில்,
24-8-1978

ஞானம்,

காளிராஜ் செத்துப்போனான்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை பகலில் நான் போர்டில் இருந்தேன். பனவடலிசத்திரம் தபாலாபீஸிலிருந்து கால் வந்தது, போலீஸ் ஸ்டேஷன் வேண்டும் என்றார்கள். இணைப்புக் கொடுத்தேன். நாங்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது, நான் கேட்டேன். "ஓடைப் பாலம் விழுந்திட்டுங்க. சனம் கூடிக் கெடக்கு. கொத்தனார் உள்ள மாட்டிக்கிட்டான்" என்று ஒரு குரல். அடுத்து ஆஸ்பத்திரி கேட்டார்கள். அதற்கும் நானே இணைப்புக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் வந்த கால்களுக்கெல்லாம் "நம்பர் ப்ளீஸ்" சொல்லியிருக்கிறேன். ஜுலைகா வந்து என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றும்வரை சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் சிலாப் போட்டிருந்தார்கள். வழக்கம் போலச் சேவல் அறுத்து, பூசணிக்காயில் குங்குமம் வைத்து உடைத்தார்கள். சிலாப் மேலே களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைத்திருந்தார்கள். பேச்சித்தாய் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து மேலே ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை எப்போதும் போல அடியில், தொட்டிலில். நாய் நுழையாமல் இருக்க இரண்டு பக்கமும் ஓலைத் தட்டி கட்டியிருந்தாள்.

யாரோ ஒருத்தி பார்த்திருக்கிறாள். பேச்சித்தாய் பிள்ளையோடு பாலத்துக்கு அடியில் போனாள், வெறுங்கையோடு வந்து தட்டியை இழுத்துக் கட்டினாள் என்று ஊருக்குள் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஓடை மணலில் சேவல் ரத்தமும் குங்குமமும் அப்படியே கிடந்தன. தலையில்லாத பிள்ளைக் கதை ஏற்கெனவே அந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது எந்த வாயிலிருந்து கிளம்பியது என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

கம்பும் கடப்பாரையுமாக வந்திருக்கிறார்கள். கெட்ட ஆட்கள் இல்லை ஞானம், பிள்ளையைக் காப்பாற்ற வந்தவர்கள். உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டிருக்கிறது. தட்டியைப் பிய்த்தார்கள். உள்ளே நெருக்கமாக முட்டுகள். வழி பண்ண வேண்டும் என்று முட்டுகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். "அது என் பிள்ளைதான், தூங்குது" என்று பேச்சித்தாய் கத்தினாள், அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். பெற்றவளே விற்றுவிட்டாள் என்று துப்பினார்கள். காளிராஜ் மேலேயிருந்து, "முட்ட எடுக்காதீயவே! சிலாப் பச்சையா இருக்கு! எல்லாம் இறங்கிரும்வே!" என்று கத்தியிருக்கிறான். அவன் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும் என்று எழுதினேன். அன்றைக்கு யார் காதிலும் விழவில்லை.

காளிராஜ் கீழே இறங்கி, மறுபக்கத்துத் தட்டியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், தொட்டில் சேலையை அறுத்துப் பிள்ளையோடு எடுத்து வெளியே நீட்டினான். ஒரு கிழவி வாங்கினாள். சிலாப் இறங்கிவிட்டது.

பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

உன் அண்ணன் கம்பி வாங்க ராஜபாளையம் போயிருந்தார், அதனால் உயிரோடு இருக்கிறார். என்னைத் திட்டினாலாவது பரவாயில்லை, திட்டவும் இல்லை. உன் பத்தாம் தேதிக் கடிதமும் படமும் திங்கட்கிழமை வந்தன. தபால்காரர் கொடுக்கும்போது தெருவே வாசலில் நின்று என்னைப் பார்த்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படத்தை அடுப்பில் போட்டேன். என் மேல் உள்ள கோபத்தை உன் முகத்தில் காட்டினேன் என்று வைத்துக்கொள்.

நிபுணர் என்ன சொன்னாள்?

செண்பகம்


இங்கிலாந்து,
3-9-1978

செண்பகம்,

உன் கடிதம் நேற்று வந்தது. வார்டில் நின்றுகொண்டே பிரித்தேன். கடிதம் கையிலிருந்து விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும்.

அது ஆட்டுக்குட்டி.

நிபுணர் அம்மாள் போன செவ்வாய்க்கிழமை வந்தாள். பெட்டியைத் திறந்தாள், தொடை எலும்பைத் திருப்பிப் பார்த்தாள், மூட்டு முனையை எனக்குக் காட்டினாள். பிறந்ததும் செத்த ஆட்டுக்குட்டி. சின்ன எலும்பில் எல்லாருக்கும் வரும் குழப்பம்தான் என்று தோளில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். அவ்வளவு சின்ன விஷயம் அவளுக்கு. கட்டை போடும்போது சேற்றில் கிடந்திருக்கலாம், யாராவது எறிந்திருக்கலாம், வேண்டுமென்றே வைத்தார்களா என்பதுகூடத் தெரியாது என்கிறார் துரை. அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எழுந்து சண்டையாவது போட்டிருப்பேன்.

அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. இதை உனக்கு எப்படிக் கேலியாக எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். செண்பகம், நான் அதை யோசித்துக்கொண்டிருந்த அன்றைக்குக் காளிராஜைப் புதைத்துப் பல நாள் ஆகியிருந்தது.

ஒரு ஆட்டுக்குட்டிக்காக! எனக்குத் தெரியும் என்று சேற்றில் நின்று சொன்னேனே, அந்த ஒரு சொல். மூன்று வருஷமாக என்னை "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக் கேட்கிறார்களே, அந்தத் திமிர். உன்னை நான் குறை சொல்லமாட்டேன். துரை சொன்னதை நீ வாசிக்கவில்லை என்று எழுதினாய். நானே அதைப் பாதிக் கேலியோடுதான் எழுதினேன். வாசிக்காதே என்று எழுதினது போலத்தான் அது.

ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதத்தைக் குழாயடியில் வாசி. முழுதும் வாசி. ஒரு வரி விடாதே. ஞானபூரணம் சொன்னது தப்பு, அது ஆடு, எந்த ஊரிலும் யாரும் பிள்ளையை வைத்துக் கட்டவில்லை, காளிராஜும் பேச்சித்தாயும் ஒரு பாவமும் அறியாதவர்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி வாசி. பனவடலிசத்திரத்துக்கும் யாரையாவது அனுப்பி வாசிக்கச் சொல். பேச்சித்தாயிடம் நீயே போய்ச் சொல். அவள் காலில் விழ எனக்கு இப்போது லீவு தரமாட்டேன் என்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குப் பிறகுதானாம்.

என்னை வெறுத்துவிடாதே. வெறுத்தாலும் எழுது.

ஞானம்


சங்கரன்கோவில்,
26-11-1978

ஞானபூரணத்துக்கு,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். இடையில் நீ போட்ட மூன்று கடிதமும் வந்தன. பிரிக்கவில்லை.

நீ சொன்னதைச் செய்தேன். கடிதம் வந்த அன்றே குழாயடிக்குப் போனேன். முழுதும் வாசித்தேன், ஆட்டுக்குட்டி என்பதை இரண்டு தடவை வாசித்தேன். எல்லாரும் கேட்டார்கள். அழுதார்கள்கூட. முடிந்ததும் முப்பிடாதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பத்திரிகைல வந்திட்டுல்லா? அதான் வெள்ளைக்காரன் மறைக்கான். அந்தப் பிள்ள ஞானம் என்ன செய்யும், அவுக சொல்லச் சொன்னதை எழுதியிருக்கு" என்றாள். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜூலைக் கடிதத்தில் நான் ஒரு வரியை விழுங்கினேன், அதை நம்பினார்கள். இதில் ஒரு வரிகூட விடவில்லை, இதை நம்பவில்லை.

உன் அண்ணன் என் நகையை அடகு வைத்துப் பாலத்தை மறுபடி கட்டினார். புதுக் கொத்தனார், புது முட்டு, சுற்றிலும் முள்வேலி. ஐப்பசி மழை இந்த வருஷம் கொட்டித் தீர்த்துவிட்டது. ஓடையில் இரண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளம். பெரிய பெரிய கரையெல்லாம் உடைந்தது, அந்தப் பாலம் அசையவில்லை. வெள்ளம் வடிந்த அன்று ஊரே பாலத்தின் மேல் நின்று பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். பாலத்தின் ஓரத்தில் ஒரு கல்லை நட்டிருக்கிறார்கள். குங்குமம் பூசி, வேட்டி சுற்றி, மாலை போட்டிருக்கிறார்கள். காளிராஜ சாமி. பாலத்தைத் தாங்குவது அவன்தானாம், அவனைக் கொடுத்ததால்தான் வெள்ளம் விட்டுவிட்டுப் போனதாம். போன செவ்வாய்க்கிழமை முதல் பொங்கல் வைத்தார்கள். கடப்பாரை தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான் பந்தல் போட்டார்கள். போலீஸ் கேட்டபோது அங்கே இல்லவே இல்லை என்றவர்கள்தான் தேங்காய் உடைத்தார்கள். சேவல் அறுத்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன் ஞானம்.

முதல் அடுப்பைப் பற்றவைத்தது பேச்சித்தாய்.

புதுச் சேலை கட்டிவிட்டு அவளை முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்த பெண்கள் அந்தத் தலைக்குப் பூ வைத்தார்கள். விதவைக்குப் பூ வைக்கலாமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை, சாமி பெண்சாதியாம். பிள்ளையைக் கல்லுக்கு முன்னால் படுக்கப்போட்டார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். உன் கடிதத்தைக் கொண்டுபோயிருந்தேன். "பேச்சி, ஒருத்தரும் பலி கொடுக்கல, ஒரு சாமியும் கேக்கல. சீமைல கெடந்தது ஆட்டெலும்பு. நாங்க ரெண்டு பொம்பளைங்க பேசின பேச்சில இவனுவ ஒன் புருசனக் கொன்னுட்டானுவ" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவள் என்னை அடிப்பாள் என்று நின்றேன்.

அவள் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். பிறகு, "இதை இனி யார்ட்டயும் வாசிக்காதீய மதினி" என்றாள். எனக்குப் புரியவில்லை. "ஆட்டெலும்புக்குச் செத்தாம்னா எம் பிள்ள நாளைக்கு யாருகிட்டப் போய் என்னன்னு சொல்லும்? சாமியா இருந்திட்டுப் போறான். இவுக எனக்குச் சோறு போடுதாக, கும்பிடுதாக. நீங்க அந்தக் காயிதத்தைக் கிழிச்சிப் போட்டுருங்க" என்றாள். சொல்லிவிட்டுப் போய்ப் பொங்கல் பானையைக் கிண்டினாள்.

அங்கேயே கிழித்து ஓடையில் போட்டேன்.

உன் துரை போல ஒருவர் என்றைக்காவது வந்து அந்தப் பாலத்தடியைத் தோண்டினால் கல்லும், அடுப்புக் கரியும், சேவல் எலும்பும் கிடைக்கும். இந்தச் சனங்கள் பாலம் நிற்க ஒரு ஆளைக் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதுவார். அதைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியாது. அவர்கள் கொடுக்கத்தான் செய்தார்கள். கொடுத்த பிறகு தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

லீவில் வந்தால் பேச்சித்தாயைப் பார்க்காதே. அவள் காலில் விழ வேண்டும் என்றாய், அவள் காலில் இப்போது ஊரே விழுகிறது. அந்த வரிசையில் நீயும் நின்றதாகிவிடும்.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன், அதற்காவது எழுதிக்கொண்டிருக்கலாம். நேற்றுத் தபால்காரர் சும்மா தெருவைக் கடந்து போனார். முப்பிடாதியம்மாள் குடத்தோடு ஓடிவந்து, "ஞானம் காயிதம் போட்டிருக்காளாட்டி? காளிராஜ சாமியப் பத்தி அங்கன என்ன சொல்லுதாகளாம்?" என்று கேட்டாள்.

இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே.

செண்பகவல்லி குருசாமி